பற்சிகிச்சை நிலையத்தின் கொம்பிரசர்: இரைச்சலைத் தேடிப் போன எட்டு மாதம்

எங்கள் பற்சிகிச்சை நிலையம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்று மாடிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இரண்டு சிகிச்சைக் கதிரைகள் உள்ளன. காலையில் என் மனைவியும் மாலையில் நானும், சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே நேரத்திலும் நோயாளரைப் பார்க்கிறோம். கதிரைகளிலுள்ள கருவிகளுக்கு அழுத்தக் காற்று வழங்கும் கொம்பிரசர் பல ஆண்டுகளாக மாடிப்படியின் கீழிருந்த மூலையில் நின்றது. அது வாகனம் திருத்தும் இடங்களில் காணப்படும் வகையைச் சேர்ந்தது: ஒன்றரைக் குதிரைவலு, 50 லீற்றர் தாங்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 சுற்று, எண்ணெய் ஊற்றும் பம்ப். பல் வைத்தியத்துக்கு அது பொருந்தாது என்பதை அறிந்திருந்தும், தொடங்கிய காலத்துக் கையிருப்புக்கு அதுதான் கட்டுப்படியாயிற்று என்பதைச் சற்று வெட்கத்துடன் பதிந்து வைக்கிறேன்.

மேல்மாடியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை, நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளொன்றின் பின்பக்கத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“தம்பி, சும்மா சத்தமெண்டு சொன்னால் எவ்வளவு எண்டு கேப்பீங்கள். அதுதான் எழுதிக்கொண்டு வந்தனான்.”

பென்சிலால் இரண்டு நிரல்கள் போட்டு, இயந்திரம் தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் மூன்று நாட்களுக்குக் குறித்திருந்தார். மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிய பிறகு அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தேன். மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிக்குள் இயந்திரம் 37 தடவை தொடங்கியிருந்தது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை பகல் வரிகள்: 1.10, 1.31, 1.52. அந்த நேரத்தில் நிலையத்தில் எவரும் இல்லை. சாப்பாட்டுக்காகக் கதவைப் பூட்டியிருந்தோம், கொம்பிரசரின் சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் விட்டிருந்தோம். எவரும் பயன்படுத்தாத காற்று இருபத்தொரு நிமிடத்துக்கு ஒருமுறை எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

இதற்கான கணக்கு எளிமையானது. தாங்கியின் கொள்ளளவை அழுத்தம் குறைந்த அளவால் பெருக்கினால், வெளியேறிய காற்று எத்தனை லீற்றர் என்பது கிடைக்கும். எங்கள் அழுத்தச் சுவிட்ச் 7 பாரில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக் காற்றின் அழுத்தம்) நிறுத்தி 5 பாரில் தொடக்குகிறது. ஆகவே 50 லீற்றர் தாங்கியிலிருந்து 100 லீற்றர் காற்று இருபது நிமிடத்தில் கசிகிறது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர். சவர்க்கார நீரைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு இணைப்புகளில் தடவியபோது மூன்று இடங்களில் குமிழி கிளம்பிற்று: தாங்கியின் அடியிலிருந்த நீர் வடிக்கும் குழாய், குழாயை விரைவாகக் கழற்றும் இணைப்பி, இரண்டாவது கதிரையின் கால் விசைப் பெட்டிக்குள் வெடித்திருந்த ஒரு மெல்லிய குழாய். மூன்றையும் சரிசெய்ய ஒரு பிற்பகலும் ஒரு சுருள் டெஃப்லோன் நாடாவும் போதுமாயின.

அதே தாங்கியை அளவுகோலாகக் கொண்டு கதிரையின் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது என்பதையும் பார்த்தேன். கொம்பிரசரை நிறுத்திவிட்டு, ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டு, அழுத்தம் 7 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்க எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதுதான் முறை. பல்லைக் குடையும் முனையைக் காற்றால் சுழற்றும் டர்பைன் ஹாண்ட்பீஸ் 65 விநாடி எடுத்தது. அது நிமிடத்துக்கு 46 லீற்றர், எதிர்பார்த்த அளவுதான். அடுத்து உமிழ்நீர் உறிஞ்சியை மட்டும் ஓடவிட்டேன். 70 விநாடி. நான் வாங்கிய கதிரையில் அந்த உறிஞ்சி தனி மோட்டாரால் இயங்குவதில்லை, அழுத்தக் காற்றை ஒடுங்கிய துளையூடாகச் செலுத்தி அதனால் உண்டாகும் வெற்றிடத்தால் உறிஞ்சுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டர்பைனை நாங்கள் விட்டு விட்டுத்தான் மிதிக்கிறோம். உறிஞ்சியோ நோயாளர் வாய் திறந்ததிலிருந்து மூடும்வரை கொக்கிபோல் உதட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாள் முழுவதும் கொம்பிரசர் ஓடியது பெரும்பாலும் எச்சில் இழுப்பதற்காகவே என்பது புரிந்ததும், சிறிய மின் உறிஞ்சி இயந்திரம் ஒன்றை வாங்கி இரண்டு கதிரைகளையும் அதற்கு மாற்றினேன். அடுத்த வாரம் ரீச்சரிடமிருந்து இன்னொரு தாள் வந்தது: மாலையில் 16 தடவை.

புதிய கொம்பிரசரை ஒரு சதமேனும் கொடுத்து வாங்குவதற்கு முன் கிடைத்த பலன் இது. இரைச்சலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டெசிபெல்லையே கேட்கிறார்கள். ஆனால் நோயாளருக்குத் தாங்க முடியாதது திடீரென்று அது தொடங்கும் கணம் என்பதை ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறேன். ஊசி போட்ட பிறகு ஒருவாறு அமைதியான ஒரு சிறுமி, கொம்பிரசர் ‘டுப்’பென்று எழும்பியதும் இரு தோள்களையும் காதுவரை உயர்த்தி நாக்கை வாய்க்குள் பிடித்த சிறு கண்ணாடியின் மேல் போட்டுவிடுவாள், அந்த நேரத்தில் என் கையில் சுழலும் முனை நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்ததாக நான் செய்தது பிழையான வேலை. பலகைக் கடையொன்றில் ஒட்டுப்பலகை வாங்கி, பழைய இயந்திரத்தைச் சுற்றி ஒரு பெட்டி அடித்து, உட்புறம் முழுவதும் முட்டைத் தட்டு வடிவப் பஞ்சை ஒட்டினேன். கைத்தொலைபேசிச் செயலி 79 இலிருந்து 75 டெசிபெல்லுக்கு மட்டுமே இறங்கிற்று. பஞ்சு கூர்மையான சீறலை உண்டு, அடித்தொண்டை உறுமலை அப்படியே விட்டுவிட்டது. ஒலியை மறிப்பதற்கு எடை வேண்டும், பஞ்சுக்கு எடை இல்லை. ஒரு கிலோவாற்றுக்கு மேல் இழுக்கும் மோட்டாரைக் காற்றுப் புகாத பெட்டியில் பூட்டுவது சூடேறிய அயன் பெட்டியை அலுமாரிக்குள் வைத்து மூடுவதைப் போன்றது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில், ஒருவருக்கு வேர்ச்சிகிச்சைக்காகக் கடைவாய்ப் பல்லைத் திறந்துகொண்டிருந்தபோது, மோட்டாரில் சூடு மிஞ்சினால் நிறுத்தும் காப்புச் சுவிட்ச் விடுபட்டு இயந்திரம் நின்றது. டர்பைனின் சுருதி மெல்ல இறங்கி இறங்கி ஓய்ந்ததை அவரும் கேட்டார், நானும் கேட்டேன். பெட்டியை அன்றிரவே கழற்றினேன்.

உருப்படியான சோதனை தற்செயலாக நடந்தது. பெட்டியைக் கழற்றியபோது இயந்திரத்தை நகர்த்தும் வசதிக்காக, வாசலில் கிடந்த பழைய ஸ்கூட்டர் டயரைக் கிடையாகப் போட்டு அதன்மேல் தூக்கி வைத்திருந்தோம்; மறுநாள் அவசரத்தில் அப்படியே ஓடவிட்டேன். கீழே எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை, செயலியும் அதே 79 ஐக் காட்டிற்று. மாலையில் ரீச்சர் படியிறங்கி வந்து, “இண்டைக்கு என்ரை கட்டில் நடுங்கேல்லை” என்றார். அவரை இத்தனை நாள் வருத்தியது காற்றின் வழியாகப் போன சத்தம் அன்று. இயந்திரத்தின் கால்கள் நிலத்து ஓடுகளை அதிரச் செய்ய, நிலம் மாடிப்படியை அதிரச் செய்ய, ஒற்றைக் கொங்கிரீட் வார்ப்பாக இருந்த அந்தப் படி ஒரு பறைபோல் அதை மேல்மாடிக்குக் கொண்டுபோனது. கைத்தொலைபேசி அளந்தது என் காதுக்குரிய எண்; அவருடைய கட்டிலுக்குரிய எண்ணை அது அளக்கவே இல்லை. அன்றிலிருந்து இரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகவே கருதினேன்.

இனி வாங்கிய கதை. எண்ணெய் ஊற்றும் வகையை முதலிலேயே விலக்கினேன். எண்ணெய்ப் பனி எத்தனை வடிகட்டி போட்டாலும் ஓரளவு காற்றோடு வரும். அமிலமிட்டு உலர்த்திய பல்லின் மேல் அது படிந்தால், அதற்குமேல் வைக்கும் பல் நிற நிரப்பி சரியாக ஒட்டாது. டெஃப்லோன் வளையம் போட்ட பிஸ்டனுடன் வரும் எண்ணெயில்லா வகையே வேண்டும் என்பது தெளிவாயிற்று. நண்பர் ஒருவர் மிக அமைதியான வேறொரு வகையைச் சிபாரிசு செய்தார்: குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைப் போன்ற கறுத்த கும்பா, அதற்குள் அடியில் எண்ணெய் நிற்க, மோட்டாரும் பம்பும் சுருள்வில்லில் தொங்குகின்றன. அது ஓடுகிறதா என்பதைக் கை வைத்துத்தான் அறிய வேண்டும், அவ்வளவு மெதுவானது. ஓவியம் தீட்டுவோருக்கும் சிறு ஆய்வுகூடங்களுக்கும் அது நல்ல இயந்திரம். ஆனால் அது தரும் காற்றுக் குறைவு, பாதி நேரமாவது ஓய்வு கேட்கும், எண்ணெய் மட்டத்தைக் கவனிக்க வேண்டும், கொழும்பு வெக்கையில் நின்று மூச்சு வாங்கும். ஜேர்மனியின் டுர் டென்ரல், இத்தாலியின் கத்தானி போன்ற நிறுவனங்களின் மூடியுடனும் உலர்த்தியுடனும் வரும் இயந்திரங்களே என் மனத்துக்குப் பிடித்தவை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறிய பிறகு அவற்றின் விலைப் பட்டியலை மரியாதையுடன் மடித்து வைத்துவிட்டேன்.

எஞ்சியவை கிழக்காசியாவிலிருந்து வரும் எண்ணெயில்லா இயந்திரங்கள். அவற்றுள் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. பெயர்த் தகடு இரண்டிலும் ஒரேமாதிரிப் பளபளக்கும். நான் முதலில் பார்த்தது சுற்று வேகத்தை. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இருமுனை மோட்டார் ஏறத்தாழ 2800 சுற்றும் நான்முனை மோட்டார் ஏறத்தாழ 1400 சுற்றும் ஓடும். அரைவாசி வேகத்தில் ஓடுவது குறைவாகக் கத்தும், அதன் வளையங்களும் நீண்ட காலம் உழைக்கும். தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்று பொறித்திருந்தால், அதிலுள்ள காற்றளவை இலங்கைக்கு ஆறில் ஐந்தாகக் குறைத்தே வாசிக்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் அந்த விகிதத்தில் மெதுவாகச் சுற்றும். நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாத நிலைக்குரிய அளவு. 5 பாருக்கு எதிராகத் தள்ளும்போது எவ்வளவு வரும் என்பதே நமக்குத் தேவை.

அதைக் கடையிலேயே அளந்துவிடலாம். வெளிவாயிலை மூடி, தாங்கி 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எடுக்கும் விநாடிகளை எண்ணினால் போதும். முதற்கடையில் 30 லீற்றர் தாங்கியுடன் இருந்த இயந்திரத்தின் தகடு 150 லீற்றர் என்றது. அதன் முள் 5இலிருந்து 7க்கு வர 75 விநாடி எடுத்தது. கணக்கிட்டால் நிமிடத்துக்கு 48 லீற்றர். ஒரு டர்பைனுக்கே மட்டுமட்டு. விற்பனையாளர் என் கடிகாரத்தை ஐயத்துடன் பார்த்தார். மூன்றாவது கடையில் 60 லீற்றர் தாங்கியின் மேல் 750 வாற்று மோட்டார்கள் இரண்டு பூட்டிய இயந்திரம் அதே ஏற்றத்தை 58 விநாடியில் முடித்தது. நிமிடத்துக்கு 124 லீற்றர். சனிக்கிழமையில் இரண்டு டர்பைன்கள் ஒன்றாக மிதிபட்டாலும் 92 லீற்றர்தான் என்பதால், பல்லைக் கழுவி உலர்த்தும் காற்று-நீர்ச் சிரிஞ்சுக்கும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு மோட்டார் என்பதில் இன்னொரு ஆறுதல் இருந்தது. ஒன்று படுத்தாலும் மற்றதைக் கொண்டு ஒரு கதிரையையாவது நடத்தலாம். ஒரேமாதிரியான இரண்டு ஒலிமூலங்கள் சேரும்போது 3 டெசிபெல்தான் கூடும், இரட்டிப்பாகக் கேட்காது.

அதன் பட்டியல் 62 டெசிபெல் என்றது. எத்தனை மீற்றர் தூரத்தில், ஒரு மோட்டார் ஓடும்போதா இரண்டுமா, தாங்கி வெறுமையாக இருக்கும்போதா நிறையும்போதா என்ற கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. கடைக்குள் ஒரு மீற்றரில் என் செயலி 68 ஐக் காட்டிற்று. செயலியின் எண்ணைத் துல்லியமானதாக எடுக்கக் கூடாது. பழைய இயந்திரத்தையும் அதே கைத்தொலைபேசியால் அதே தூரத்தில் அளந்திருந்ததால், ஒப்பிடுவதற்கு மட்டும் அது உதவிற்று. 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும் என்பார்கள். கேட்டுப் பார்த்ததில் அதுவும் சரியாகவே இருந்தது. தாங்கியின் உட்புறம் துருப்பிடியாத பூச்சுக் கொண்டது என்பதை அடிக்குழாயைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே முற்பணம் கொடுத்தேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. மாடிப்படியின் கீழ் மீண்டும் வைக்க எனக்கு மனமில்லை. மொட்டை மாடிக்கு ஏற்றினால் வெயிலும் உப்புக் காற்றும். பின்வளவில், பிரதான கட்டடத்தைத் தொடாமல் தனியே நின்ற, எவரும் பயன்படுத்தாத ஒரு பழைய கழிப்பறையை என் மனைவி காட்டினார். ஒன்பது அங்குலச் செங்கற் சுவர், கொங்கிரீட் கூரை, ஆறு அடிக்கு நான்கு அடி. கழிப்பறையிலிருந்து வாய்க்குள் காற்றா என்று நான் முகத்தைச் சுளித்தேன்; ஆனால் ஒலிக்கு வேண்டிய எடையும், படியிலிருந்து வேண்டிய விலகலும் இதைவிடச் சிறப்பாக வேறெங்கும் கிடைக்காது என்பதை மறுக்க முடியவில்லை. பீங்கானை உடைத்து அகற்றி, கழிவுக் குழாயைச் சீமெந்தால் அடைத்து, நிலத்தைப் புதிதாக வார்த்து, உட்சுவருக்கு ஓடு பதித்தோம். இயந்திரம் உறிஞ்சும் காற்றை அறைக்குள்ளிருந்து எடுக்காமல், கூரைக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்து கீழ்நோக்கி வளைந்த குழாய் வழியாக எடுத்தோம். இதனால் இரைச்சலும் குறைந்தது, ஏனெனில் பிஸ்டன் கொம்பிரசரின் உறுமலில் பெரும்பங்கு அது காற்றை உறிஞ்சும் வாயிலிருந்தே வருகிறது.

அந்தக் குழாயின் வாயை எந்தத் திசைக்குத் திருப்புவது என்பதில் நான் தவறினேன். கடலுக்கு முகம் காட்டக் கூடாது என்று எண்ணிப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பினேன். இரண்டாம் நாள், பல்லை உலர்த்துவதற்குச் சிரிஞ்சை அழுத்தியபோது, பெரியவர் ஒருவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, வாயைக் கொப்பளித்துவிட்டு, “டொக்டர், ஆரோ கருவாடு பொரிக்கினம்” என்றார். உண்மைதான், எங்கள் குழாய் அவர்களுடைய குசினிப் புகைபோக்கிக்கு எதிரே நின்றது. எண்ணெயில்லாக் கொம்பிரசர் தன் எண்ணெயைச் சேர்ப்பதில்லையே தவிர, ஊரின் எண்ணெயைத் தடுப்பதில்லை. குழாயை மதிலோரம் வேம்பு நிற்கும் பக்கத்துக்கு மாற்றினோம்.

அறையின் சூட்டை வெளியேற்ற, கீழே ஒரு துவாரமும் எதிர்ச்சுவரின் மேலே விசிறியுடன் ஒரு துவாரமும் விட்டோம். நேரே ஓட்டை போட்டால் ஒலியும் அதே வழியில் வெளியேறும் என்பதால், ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் செங்கல்லால் இரண்டு திருப்பங்கள் கட்டி, அதன் உட்புறத்துக்குக் கல்நார்ப் பஞ்சைத் தவிர்த்துப் பாறைப் பஞ்சை வைத்து வலையடித்தோம். காற்று வளைந்து போகும். ஒலி சுவரில் முட்டி முட்டி இளைத்துப்போகும். இயந்திரத்தை ஒரு கொங்கிரீட் பலகையின்மேல் ஏற்றி, அந்தப் பலகைக்கும் நிலத்துக்கும் இடையே நான்கு றப்பர்த் தாங்கிகளை வைத்தோம். கடைக்காரர் முதலில் தந்த றப்பர் லொறிக்குப் போடும் தடிப்பு. இயந்திரத்தின் எடைக்கு அது கொஞ்சமும் அமுங்கவில்லை, கல்லில் வைத்ததைப் போலவே அதிர்வைக் கடத்திற்று. எடைக்கு ஏற்ப அமுங்குகிற மென்மையான றப்பரைப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தோம். தாங்கியிலிருந்து வெளிக்குழாய்க்கு ஒரு முழ நீள வளையும் குழாய் போட்டிராவிட்டால் இத்தனை பாடும் வீணாகியிருக்கும். அதிர்வு செப்புக் குழாய் வழியாகவே வீட்டுக்குள் நடந்து வந்திருக்கும்.

குழாய்க்காகப் பழைய சோனகத் தெருவுக்குப் போனபோது, நீண்டநாள் பழக்கமுள்ள கடை நானா ஒரு பீவிசிக் குழாயை எடுத்து நீட்டினார்.

“டொக்டர், இது பத்து பார் புடிக்கும். செம்புக்கு ஏன் சும்மா சல்லிய கொட்டுறீங்க?”

“தண்ணீருக்குப் பிடிக்கும் நானா. காற்றுக்கு இது சரிவராது.”

அவர் என்னை நம்பவில்லை, ஆனால் செம்பை எடுத்துத் தந்தார். அழுத்தத்திலுள்ள நீர், குழாய் வெடித்தால் பீறிட்டு உடனே ஓய்ந்துவிடும். அழுத்தக் காற்றோ சுருள்வில்போல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். உடையும்போது பீவிசி சில்லுச் சில்லாகப் பறக்கும். 15 மில்லிமீற்றர் செப்புக் குழாயை, உள்ளே தேங்கும் நீர் கதிரைப் பக்கம் போகாமல் தாங்கிப் பக்கமே வழிந்து வரும்படி சிறு சரிவுடன் பிடித்தோம்.

நீரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கொழும்பில் கொம்பிரசர் வாங்குபவர் இரைச்சலுக்குக் கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். இங்கே ஈரப்பதன் 80 வீதம் என்று கொண்டால் 24 கிராம். அந்தக் காற்றை 7 பாருக்கு அழுத்தும்போது, வெளிக் காற்றின் 1 பாரும் சேர்வதால், அது எட்டிலொரு பங்காகச் சுருங்கும். ஆறிய பிறகு அந்தச் சிறிய இடத்தில் 4 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் நீராகிவிடும். இயந்திரத்தில் பூட்டிய மணிமானியின்படி சனிக்கிழமைகளில் அது இரண்டு மணி பத்து நிமிடம் ஓடுகிறது, அதாவது 16 கன மீற்றர் காற்று. ஆகவே ஒரே நாளில் 300 கிராமுக்கு மேல் நீர் எங்காவது இறங்கத்தான் வேண்டும். அது தாங்கியில் இறங்கினால் துரு, குழாயில் இறங்கினால் பாசி, ஹாண்ட்பீஸில் இறங்கினால் பேரிங் போய்விடும், பல்லில் இறங்கினால் நிரப்பி ஆறு மாதத்தில் கழன்று கையில் வரும்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சிரிஞ்சின் காற்றுப் பொத்தானை மட்டும் அழுத்தி, துடைத்து உலர்ந்த முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் பத்து விநாடி ஊதிப் பார்க்க வேண்டும். புதிய இயந்திரம் வந்த முதற்கிழமை எங்கள் கண்ணாடியில் ஊசிமுனையளவு துளிகள் வட்டமாகப் பூத்தன. கடைக்காரர் இணைத்துத் தந்த கண்ணாடிக் கிண்ண வடிகட்டி, நீராக ஏற்கெனவே மாறியதை மட்டுமே பிடிக்கும்; சூடாக அதைக் கடந்து போகும் ஆவி, குழாயில் ஆறும்போது மீண்டும் நீராகிவிடும். எனவே பிடிப்பதற்கு முன் ஆற்ற வேண்டும். குளிரூட்டி திருத்தும் தம்பி ஒருவரைக் கொண்டு ஐந்து மீற்றர் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, பம்பின் தலைக்கும் தாங்கிக்கும் இடையே, விசிறிக் காற்று படும் இடத்தில் பொருத்தினோம். சுருளின் முடிவில் நீர் பிரிப்பான். அதன் பிறகு தாங்கி. தாங்கிக்குப் பிறகு சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி. இப்போது சனிக்கிழமை மாலையில் பிரிப்பானிலிருந்து கால் லீற்றருக்குக் கிட்ட வடிகிறது, தாங்கியிலிருந்து ஒரு தேக்கரண்டிதான். உலர்த்தியின் மணிகள் செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும்போது எடுத்து, அடுப்பில் 120 பாகையில் உலர்த்தித் திரும்பப் போடுகிறோம். சுருள் பூட்டுவதற்கு முன் அவை பன்னிரண்டு நாளில் பச்சையாகின. பூட்டிய பிறகு ஏழு கிழமை தாங்கின. காற்றின் தூய்மையைத் தூசு, நீர், எண்ணெய் என்று மூன்று எண்களால் வகுக்கும் ஐஎஸ்ஓ 8573-1 என்ற தரநிலை ஒன்று உண்டு. விலை உயர்ந்த இயந்திரங்களின் பட்டியலில் அந்த எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எனக்குக் கிடைத்த சான்றிதழ் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

கடைசியாக எஞ்சியது ஒரு சீறல். 7 பாரில் மோட்டார் நிற்கும்போது, பம்பின் தலையில் தேங்கிய காற்றை அழுத்தச் சுவிட்ச் ஒரு சிறு துளையூடாக வெளியே விடும்: ‘ஸ்ஸ்ஸ்’. இரைச்சல் குறைந்த இயந்திரத்தில் அது முன்னைவிடத் துலக்கமாகக் கேட்டது. வயறிங் செய்ய வந்த தம்பி, “இந்த ஓட்டைய அடைச்சுவிட்டாச் சரிதானே அண்ணை” என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் ஒரு சிறு போல்ட்டைத் திருகிவிட்டார். அடுத்த தடவை தொடங்கும்போது மோட்டார் சுற்றாமல் முனகிற்று. பம்பின் தலையில் நின்ற 7 பாருக்கு எதிராக அதனால் முதல் அடியை எடுத்து வைக்க முடியவில்லை. இன்னும் சில விநாடி விட்டிருந்தால் கொண்டென்சரும் போயிருக்கும். போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் பித்தளைத் தூளை இறுக்கிச் செய்த சிறு ஒலியடக்கியைப் போட்டு, அதைப் பஞ்சடைத்த ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்குள் விட்டோம். அதே தம்பி இரண்டு மோட்டார்களும் நான்கு விநாடி இடைவெளியில் தொடங்கும்படி ஒரு நேரச் சுவிட்சைப் பூட்டித் தந்தார். இரண்டும் ஒன்றாக எழும்பியபோது கதிரை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது, இப்போது சிமிட்டுவதில்லை. தொடக்க மின்னோட்டம் பாதியானதால், மின்வெட்டு வரும் நாட்களில் எங்கள் சிறிய ஜெனறேற்றரும் திணறுவதில்லை.

கதவைப் பூட்டிய நிலையில் பின்வளவில், அறையிலிருந்து மூன்று மீற்றரில், செயலி இப்போது 49 டெசிபெல் காட்டுகிறது. சிகிச்சை அறைக்குள் குளிரூட்டியின் ஒலிக்கு மேல் எதையும் பிரித்தறிய முடிவதில்லை. கடலோரப் பாதையில் ரயில் போகும்போது செயலியைப் பார்ப்பதே வீண். அறைக்குள் இப்போது அதிகம் கத்துவது கொம்பிரசரன்று, சூட்டை வெளியேற்றும் விசிறிதான். அதன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். சத்தம் நன்றாக அடங்கிற்று, ஆனால் ஒரு மணி நேரத்தில் அறையின் வெப்பம் 4 பாகை கூடிற்று. சித்திரை வெயில் முடியும்வரை அதை முழு வேகத்திலேயே விட்டிருக்கிறேன். வைகாசியில் பெரிய இறகுள்ள, மெதுவாகச் சுற்றும் விசிறி ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.